மெரூட் யாருக்கு

ஓரகத்தி இமோஜென் உண்டாகியிருக்கிறாள் என்று கேள்விப்பட்ட அன்று டோனா வாயெல்லாம் பல்லாக வாழ்த்துச் சொன்னாள். வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்கு சீவ உட்கார்ந்தவள், பாதிக் கிழங்கைத் தோலோடு சேர்த்துச் சீவித் தள்ளினாள். கணவன் ட்ரீவ் பார்த்துக்கொண்டே இருந்தான். ஆறு வருஷமாகக் குழந்தைக்குக் காத்துக்கிடக்கிற வீட்டில், கொழுந்தன் பெண்டாட்டி கல்யாணமான வருஷமே மசக்கை என்று படுத்தால் எந்த மூத்தவளுக்குத்தான் வயிறு எரியாது?

இரண்டு மாதம் கழித்து டோனாவுக்கும் நாள் தள்ளிப்போயிற்று. அதோடு எரிச்சல் அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை. இதிலும் அவள் முந்திக்கொண்டாளே என்றுதான் தோன்றியது.

இமோஜென் லண்டன் பக்கத்துப் பெண். கடலோர ஊரான போர்த்கேவரில் அந்தப் பக்கத்து ஆட்களை எறும்பு என்பார்கள். கோடை வந்தால் வரிசைகட்டி வருகிறவர்கள், துறைமுகத்து வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கி, பூட்டிப் போட்டுவிட்டுப் போகிறவர்கள். இவள் போகவில்லை. ட்ரீவின் தம்பி பெரனைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டாள். தங்கினோமா இருந்தோமா என்றில்லாமல், செவ்வாய்க்கிழமைகளில் ஊர் மண்டபத்தில் நடக்கும், இந்தப் பக்கத்துப் பழைய மொழியான கார்னிஷ் வகுப்புக்கும் போனாள். ஊரில் பிறந்தவர்களுக்கு அந்த மொழியில் நாலு வார்த்தை தெரிந்தால் அதிகம். இவளோ மீன்காரனுக்கு அதில் காலை வணக்கம் சொன்னாள். மீன்காரன் திருதிருவென்று விழித்துவிட்டு மீனை எடைபோட்டான்.

டோனாவின் குடும்பம் தலைமுறை தலைமுறையாக இதே ஊர். பெயர்தான் ஊரோடு ஒட்டாத பெயர், டோனா. அவள் அப்பா தொலைக்காட்சியில் எவளையோ பார்த்து மயங்கி வைத்தது. அந்தக் குறையைத் தன் மகள் விஷயத்தில் தீர்த்துக்கொள்வதென்று பதினாலு வயதிலேயே முடிவு கட்டிவிட்டாள். சர்ச்சின் கல்லறைத் தோட்டத்தில், கடல் பார்த்த சுவரோரம், ஒரு கறுப்புப் பலகைக்கல் சாய்ந்து நிற்கிறது. டோனாவின் பூட்டனோடு பிறந்தவள் ஒருத்தியின் கல். மெரூட் என்ற பெயர் மட்டும் தெளிவாகத் தெரியும்; மீதியைப் பாசி தின்றுவிட்டது. அந்தப் பெயருக்குள் கடல் இருக்கிறது என்பார்கள் சிலர். அதெல்லாம் சும்மா கட்டிவிட்ட கதை என்பார்கள் சிலர். டோனாவுக்கு அர்த்தம் எதற்கு? பெயர் அவளுடையது, அவ்வளவுதான். யாரிடமும் சொன்னதில்லை.

சொல்லவும் கூடாது. புகுந்த வீடான நான்கெர்விஸ் வீட்டில் அது சட்டம். பாதிரியார் குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றும்வரை அதன் பெயர் தாயின் வாயைத் தாண்டக் கூடாது. தகப்பனுக்கே அன்று காலையில் சொன்னால் போதும். முன்கூட்டிச் சொன்னால் பெயர் வேறு எங்காவது போய் ஒட்டிக்கொண்டுவிடும் என்பாள் மாமியார் ஹில்டா. அதனால் பிள்ளை பிறந்த சூட்டோடு ஞானஸ்நானம், அதற்குப் பிறகுதான் பதிவு அலுவலகம். அதுவரை எல்லாப் பிள்ளையும் பாப்பாதான். காலம் மாறினாலும் இந்த வீட்டில் மட்டும் மாறவில்லை, ஏனென்றால் ஹில்டா இன்னும் உயிரோடு இருந்தாள்.

டோனா வேலை பார்த்தது பேஸ்டிக் கடையில். மாவுக்குள் இறைச்சியும் கிழங்கும் வைத்து, மடித்து, விளிம்பை முறுக்கி மூடுகிற வேலை. கை முறுக்கிக்கொண்டிருக்க வாய் சும்மா இருக்குமா? அடுப்படியில் நிற்கும் மார்லீனுக்கு ஊரில் பிறக்கப்போகும் பிள்ளைகள் எல்லாவற்றின் பெயர் மேலும் ஓர் அபிப்பிராயம் உண்டு.

"ஜேகோன்னு மட்டும் வச்சுத் தொலையாதடி. கடற்கரையில நின்னு ஜேகோன்னு ஒரு சத்தம் குடுத்துப் பாரு. நாலு பசங்களும் மூணு நாயும் ஓடி வரும்."

"எலோவென் எப்படி?"

"அது வாடகை வீட்டுக்கு வைக்கிற பேரு. படுக்கை மூணு, கடல் தெரியும், நாய்க்கு அனுமதி இல்ல."

"பெர்சபா?"

"எங்க சித்தி பேரு அது. அவ மூஞ்சியப் பாத்திருந்தா நீ கேட்டே இருக்க மாட்ட." மார்லீன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, தன் கல்யாண மோதிரத்தை நூலில் கட்டி டோனாவின் வயிற்றுக்கு மேலே தொங்கவிட்டாள். மோதிரம் வட்டம் போட்டது. "பொண்ணுதான். சந்தேகமே வேணாம். என் மோதிரம் இதுவரைக்கும் தப்பினதில்ல."

அதன்பிறகு ஸ்கேன் எடுத்த நர்ஸ், என்ன குழந்தை என்று சொல்லட்டுமா என்று கேட்டபோது டோனா வேண்டாம் என்றுவிட்டாள். தெரிந்ததைக் காசு வாங்காமல் சொன்னாலும் எதற்குக் கேட்க வேண்டும்?

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹில்டா வீட்டில் எல்லாரும் தேநீருக்குக் கூடியிருந்தார்கள். இமோஜென் நிறைமாதம். ஸ்கோன் ரொட்டியில் ஜாமைத் தடவிக்கொண்டே டோனாவிடம் கேட்டாள்: "சர்ச்சுல, சுவரோரமா ஒரு கறுப்புக் கல்லு சாஞ்சு நிக்குதே, அது உங்க ஆளுங்களோடதா?"

டோனா கோப்பையைக் கீழே வைத்தாள். "ஏன் கேக்கற?"

"சும்மாதான். நடக்கப் போறப்ப தினமும் பாக்கறேன். அழகா இருக்கு."

தினமும் பார்க்கிறாளாம். அழகாக இருக்கிறதாம். ஒரு சாய்ந்த கல்லில் பெயரைத் தவிர அழகாக என்ன இருக்கிறது? டோனாவுக்குக் காது மடல் சூடாயிற்று. இவளிடம் எப்படிக் கேட்பது? கேட்டால் தன் பெயர் வெளியே வந்துவிடும். சொல்லாமல் விட்டாலோ, அக்டோபரில் பிறக்கப்போகிறவள் டிசம்பரில் பிறக்கப்போகிறவளின் பெயரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். டோனாவின் மூளை அந்த நேரத்தில் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தது. பொறாமைக்காரி மூளைக்குக் குறுக்குவழிக்கா பஞ்சம்?

"இந்தக் காலத்துப் பழைய பேர் பைத்தியத்த நெனச்சா சிரிப்பா வருது அத்தை," என்று மாமியார் பக்கம் திரும்பினாள். "புத்தகத்தப் பாத்து டெர்வாங்கறாங்க, செனாராங்கறாங்க. நாளைக்கு எவளாவது மெரூட்னுகூட வைப்பா. பல்லுபோன கிழவி பேரு! அந்தக் குழந்தை பள்ளிக்கூடத்துல என்ன பாடுபடும் சொல்லுங்க?"

ஹில்டா உதட்டைப் பிதுக்கினாள். "பேர்ல அர்த்தம் தேடறது எறும்புங்க வேலை. என் பேரு ஹில்டா. என்ன அர்த்தம்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. சோறு எறங்காமலா போச்சு?"

டோனா கேட்டது மாமியாரை, பார்த்தது ஓரகத்தியை. இமோஜெனின் முகம் கழுத்துவரை சிவந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஜாமையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது போதும். டோனாவுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தபிறகு அவளுக்கு ஒரு வாரம் தூக்கம் கெட்டது.

இமோஜெனுக்கு அக்டோபர் நடுவில் பெண் பிறந்தது. டோனா போய்ப் பார்த்தாள். கறுகறுவென்று முடி, சின்ன மூக்கு. தூக்கி மடியில் வைத்துக்கொண்டபோது, இந்தக் குழந்தைக்கு வேறு எந்தப் பெயர் வைத்தாலும் தன்னால் பிரியமாக இருக்க முடியும் என்று நிஜமாகவே நினைத்தாள். வைப்பார்களா என்பதுதான் கேள்வி. அன்று நான் பேசிய பேச்சில் மனசு மாறியிருக்கும் என்று ஒரு நிமிஷம் தோன்றும். மாறியிருக்காது, அழுத்தக்காரி, என்று அடுத்த நிமிஷம் தோன்றும்.

ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்தார்கள். அந்த வீட்டில் அதற்கு இன்னொரு வழக்கமும் உண்டு. குழந்தையைச் சர்ச்சுக்குத் தூக்கிப்போகும் வழியில் முதலில் எதிர்ப்படுகிற ஆளுக்குக் கிம்ப்ளி கொடுப்பார்கள். வேறொன்றுமில்லை, வெள்ளைத் துணியில் சுற்றிய குங்குமப்பூ பன். குழந்தை மேல் எந்தக் கண் படுவதாக இருந்தாலும் அந்தப் பன்னோடு போகட்டும் என்று. வாங்கிக்கொள்கிறவர் அங்கேயே ஒரு வாய் கடித்துவிட்டுப் பெயரைக் கேட்கலாம். அவர் ஒருவருக்கு மட்டும் காதோடு சொல்லிவிடலாம். பொல்லாத ஆள் யாரும் குறுக்கே வந்துவிடக் கூடாதே என்று ஹில்டா ஒரு நல்ல மனுஷனை ஏற்பாடு செய்துவிடுவாள். இந்தத் தடவை பக்கத்து வீட்டு செசில், நாயோடு சர்ச்சுப் பாதை முனையில் வந்து நிற்பதாக ஏற்பாடு.

டோனா கால் வீங்கியிருக்கிறது என்று சொல்லி ட்ரீவோடு காரில் முன்னாலேயே சர்ச்சுக்கு வந்துவிட்டாள். ட்ரீவ் கார் நிறுத்த இடம் தேடிப் போனதும், வயிற்றைத் தாங்கிக்கொண்டு சந்து வழியாகப் பாதை முனைக்கு இறங்கினாள். செசில் இன்னும் வரவில்லை. நாய் எங்கோ நின்று மோந்துகொண்டிருந்திருக்கும். வேலி திரும்புகிற இடத்தில் நான்கெர்விஸ் குடும்பம் வந்துகொண்டிருந்தது. முன்னால் குழந்தையோடு இமோஜென், பக்கத்தில் பன்னைத் தூக்கிக்கொண்டு ஹில்டா, பின்னால் குடையோடு பெரன்.

"நீ இங்க என்னடி பண்ற? கால் வலின்னியே? செசில் எங்க?"

"செசில் வரலை அத்தை. மொதல்ல எதிர்ல வந்தது நான்தான். குடுங்க."

"குடும்பத்துக்குள்ளயே எவளாவது கிம்ப்ளி வாங்குவாளா? இது எதுக்குக் குடுக்கறதுன்னு தெரியுமில்ல உனக்கு?"

"தெரியும். குடுங்க."

ஹில்டா பன்னை மார்போடு அணைத்துக்கொண்டாள். இமோஜென்தான் கை நீட்டி அதை வாங்கி டோனாவிடம் கொடுத்தாள். "வழக்கம்னா வழக்கம்தானே அத்தை. மொதல்ல வந்தவங்களுக்குத்தான்."

டோனா கடித்தாள். மென்று முடிக்காமலே கேட்டாள்: "பேரு?"

இமோஜென் நெருங்கி வந்து காதில் சொன்னாள். சொன்னவுடனே விலகி, டோனாவின் முகத்தைப் பார்த்தாள். பயந்துபோய்ப் பார்த்தாள்.

"அது என்னோடது," என்றாள் டோனா.

"கிழவி பேருன்னு சொன்னியே?"

"ஏன் சொன்னேன்னு தெரியாத மாதிரி நடிக்காத. பதினாலு வயசுலேருந்து என் பொண்ணுக்குன்னு வச்சிருக்கேன். அது எங்க கல்லு. எங்க ஆளு."

"நீ சொல்லியிருக்கலாம் டோனா. ஒரு வார்த்தை."

"சொல்லக் கூடாதே! அதுகூடவா உனக்குத் தெரியாது? மொழி படிச்சிருக்க, இந்த வீட்டுச் சட்டம் படிச்சிருக்க, எல்லாத்தையும் எங்களவிட நல்லாப் படிச்சிருக்க." டோனா ஓர் அடி முன்னால் வந்தாள். நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. "துறைமுகத்துல இருக்கற வீட்டையெல்லாம் உங்க ஆளுங்க எடுத்துக்கிட்டாங்க. பேரையாவது விட்டுட்டுப் போயேன்."

பெரன் குடையை மடக்கினான். மழை விட்டிருக்கவில்லை. ஹில்டா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இமோஜென் தலையை அசைத்துவிட்டு, குழந்தையின் குல்லாவைச் சரிசெய்துகொண்டு சர்ச்சுக்குள் போனாள். பின்னால் செசில் நாயை இழுத்துக்கொண்டு மூச்சிரைக்க வந்து, நேரமாயிடுச்சா என்று கேட்டார்.

தொட்டியருகில் பாதிரியார் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு பெயர் கேட்டார். இமோஜென் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாதிரியார் மறுபடி கேட்டார். பின்வரிசையில் யாரோ இருமினார்கள். டோனா முன்பெஞ்சின் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொல்லிவிடு என்று ஒரு மனசு. சொன்னால் பார் என்று ஒரு மனசு.

"ஹெட்ரா," என்றாள் இமோஜென்.

பெரன் சட்டென்று மனைவியைத் திரும்பிப் பார்த்தான். பாதிரியார் தண்ணீரை ஊற்ற, குழந்தை வீறிட்டது. டோனா பெஞ்சில் உட்கார்ந்தாள். ஜெயித்துவிட்டாள். ஜெயித்தவளுக்கு ஏன் சந்தோஷம் வரவில்லை என்று அவளுக்கே விளங்கவில்லை.

மண்டபத்தில் தேநீருக்கு எல்லாரும் கூடினார்கள். மேசை நடுவில் துணி போட்டு மூடிய கேக் இருந்தது. முந்தின நாள் இமோஜெனே செய்து, ஐசிங் எழுதி, யாருக்கும் காட்டாமல் மூடி வைத்தது. யோசிக்காமல் ஹில்டா துணியைத் தூக்கினாள், பார்த்தாள், அப்படியே மூடினாள். மூடுவதற்குள் டோனா பார்த்துவிட்டாள். நீல எழுத்தில், கொஞ்சம் கோணலாக, மெரூட்.

ஹில்டா கேக்கைச் சமையலறைக்கு எடுத்துப்போய், தட்டைக் கத்தியால் ஐசிங்கைச் சமமாக இழுத்துத் தேய்த்துவிட்டுக் கொண்டுவந்தாள். வெள்ளைக்கு நடுவில் நீலம் கலங்கிக் கிடந்தது. "ஐசிங் உருகிப்போச்சு," என்று பொதுவாகச் சொன்னாள். டோனாவுக்கு ஒரு துண்டு வெட்டிக் கொடுக்கும்போது மட்டும் குரலைத் தாழ்த்தினாள். "கெடச்சுதா? நல்லா வச்சுக்க."

அதன்பிறகு ஊரெல்லாம் ஹெட்ரா பேச்சு. அக்டோபரில் பிறந்தவளுக்கு அந்தப் பழைய மொழியில் அக்டோபர் என்றே பெயராமே, என்ன பொருத்தம், என்ன புதுசு என்று மார்லீன்கூட அடுப்படியில் மாய்ந்துபோனாள். "அந்தப் பொண்ணுக்கு மூளை இருக்குடி. எனக்குத் தோணியிருந்தா என் மவளுக்கு வச்சிருப்பேன்." டோனா மாவை முறுக்கின முறுக்கில் பேஸ்டி பிய்ந்துபோயிற்று. பெயரைப் பிடுங்கிக்கொண்ட பிறகும் பாராட்டு அவளுக்கேதான் போகிறது என்றால் என்ன நியாயம்?

டிசம்பரில் டோனாவுக்கு வலி கண்டது. ராத்திரியெல்லாம் படுத்தி, விடிந்தபிறகு பிள்ளை பிறந்தது.

"பையன்," என்றாள் மருத்துவச்சி.

"சரியாப் பாருங்க," என்றாள் டோனா.

மருத்துவச்சி சிரித்துக்கொண்டே தூக்கிக் காட்டினாள். சந்தேகத்துக்கு இடமே இல்லை. ட்ரீவ் அழுதான்; சந்தோஷத்தில். டோனாவும் அழுதாள். பையனை மார்போடு போட்டதும் அவன் வெடுக்கென்று பற்றிக்கொண்ட வேகத்தில், இவனை விட்டால் தனக்கு உலகமே இல்லை என்று ஆகிவிட்டது, அது வேறு. ஆனால் மெரூட் என்ற பெயர் இப்போது யாருக்கும் இல்லாமல், கேக்கில் தேய்த்த நீலமாகப் போய்விட்டது. அதுவும் மனசில் ஓரமாகக் கிடந்தது.

பையனுக்குப் பாஸ்கோ என்று பெயர் வைத்தார்கள். கிம்ப்ளி கொடுக்கப் போன வழியில் முதலில் எதிர்ப்பட்டது அந்தக் குளிரிலும் அலைச்சறுக்குப் பலகையைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்த ஓர் எறும்பு. இதில் முட்டை கலந்திருக்கிறதா என்று கேட்டான். இமோஜெனும் வந்திருந்தாள். பாஸ்கோவுக்குக் கம்பளிச் சட்டை பின்னிக் கொண்டுவந்திருந்தாள். கையில் கொடுத்துவிட்டு, நல்ல பேரு, என்றாள். அதற்குமேல் இரண்டு பேருக்குள்ளும் பேச்சில்லை. இனி பிள்ளை வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்ட விஷயத்தை டோனா அவளிடம் சொல்லவில்லை, ஹில்டா சொல்லியிருப்பாள்.

ஏப்ரலில் ஒரு நாள், ஹில்டா கொடுத்தனுப்பிய முட்டைகளோடு டோனா மேட்டுத்தெரு ஏறினாள். பாஸ்கோ மார்பில் துணிக்கட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தான். பெரன் வீட்டுக்கு முன்வாசலில் யாரும் போவதில்லை. பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்தாள். சமையலறை ஜன்னல் சாத்தியிருந்தது, கொண்டி மட்டும் விழவில்லை. உள்ளே தண்ணீர்ச் சத்தம், குழந்தையைக் குளிப்பாட்டுகிற சத்தம்.

"யாரு இது? யாரு இது? என் மெரூட்டா? தண்ணிய அடிக்கிறாளே என் மெரூட்!"

டோனா அப்படியே நின்றுவிட்டாள். உள்ளங்காலிலிருந்து சுறுசுறுவென்று ஏறியது. அந்தப் பெயருக்கு இனி தன்னிடம் வேலை இல்லை என்று தெரியும். தன்னால்தான் அது தெருவில் விழுந்தது என்றும் தெரியும். தெரிந்து என்ன? எரிந்தது. தான் வாய்விட்டு யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை; இவள் தினமும் கூப்பிடுகிறாள், ஜன்னலைச் சாத்திக்கொண்டு, திருடிய மிட்டாய் தின்கிற மாதிரி. திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தாள். கதவைத் தட்டாமல் தள்ளினாள்.

இமோஜென் துள்ளி நிமிர்ந்தாள். கை முழுக்க நுரை. முகம் அன்றைக்குத் தேநீர் நேரத்தில் சிவந்த மாதிரியே சிவந்தது. "டோனா... வாய்ல வந்துடுது. வெளியில சொல்ல மாட்டேன். சத்தியமா. பெரன்கூட ஹெட்ரான்னுதான் கூப்பிடறான். பதிவும் அப்படித்தான்."

"எத்தனை நாளா?"

"பொறந்ததுலேருந்து. வயித்துல இருந்தப்பவே. நிறுத்திப் பாத்தேன். முடியல." இமோஜென் துண்டைத் தேடினாள், கண்ணில் நீர் கட்டியிருந்தது. "இனிமே நிறுத்திடறேன்."

டோனா முட்டைக் கூடையை மேசைமேல் வைத்தாள். நிறுத்து என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் நிறுத்துவாள், அவள் அப்படிப்பட்டவள்தான். அதுதான் டோனாவுக்குத் தாங்க முடியவில்லை.

"எனக்கு எரியுது," என்றாள். "கேட்டதும் எரிஞ்சுது. இப்பவும் எரியுது. பொய் சொல்ல மாட்டேன்."

"தெரியும்."

"ஆனா ஜன்னல மூடிக்கிட்டுக் கூப்பிடாத. அது என்ன திருட்டுச் சாமானா? தெறந்து வச்சே கூப்பிடு. தெருவுக்கே கேக்கட்டும். அத்தைகிட்ட நான் சொல்லிக்கறேன்."

இமோஜென் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். நுரைக் கையோடு நின்றாள். தொட்டித் தண்ணீரில் உட்கார்ந்திருந்த குழந்தை, கறுப்பு முடி நெற்றியில் ஒட்டிக்கிடக்க, மிதக்கிற மரக்கரண்டியைப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. டோனா பாஸ்கோவை ஒரு கையால் அணைத்துக்கொண்டு தொட்டிக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"மெரூட்," என்றாள்.

குழந்தை கரண்டியை விட்டுவிட்டு ஆசையாகத் திரும்பியது. கூப்பிட்டவளை அது பார்க்கவே இல்லை. தன் அம்மா முகத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அவளைப் பார்த்துச் சிரித்தது.

டோனா நிமிர்ந்து ஜன்னலைத் தள்ளித் திறந்தாள். பிறகு, இந்தத் தடவை இன்னும் சத்தமாக, ஜன்னலுக்கு வெளியே கேட்கிற மாதிரி, மறுபடியும் கூப்பிட்டாள்.